ஈஜிஆர் வால்வு போச்சு என்கிறார்கள்: மாற்றுவதா, அடைப்பதா?

கேள்வி: ஏப்ரல் 19, 2025

2009 மாடல் டீசல் கார். மேலூரிலிருந்து மதுரைக்கு தினமும் ஓடுகிறது. ஒத்தக்கடைப் பக்கம் லாரியை முந்த மிதித்தால் பின்னால் கறுப்புப் புகை கக்குகிறது, பிக்கப் இல்லை. ஒர்க் ஷாப்பில் "ஈஜிஆர் வால்வு போயிருச்சு, புதுசு போடணும். இல்லாட்டி தகடு வச்சு அடைச்சு விட்டுரலாம்" என்கிறார்கள். வீடியோ ஒன்றில், ஐட்லிங்கில் வால்வைத் திறந்ததும் இன்ஜின் நின்றுவிட வேண்டும், நிற்காவிட்டால் வால்வு காலி என்று காட்டினார்கள். நானும் திறந்து பார்த்தேன், நிற்கவே இல்லை. அப்போ வால்வு போனது உறுதிதானே அண்ணே?

ஏப்ரல் 19, இரவு 10.40

உறுதி இல்லை தம்பி. எரிந்து முடிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுவதுதான் ஈஜிஆர். அந்த வழியைத் திறந்து மூடுவது இந்த வால்வு. அந்த வீடியோவில் இருப்பது பெட்ரோல் இன்ஜின்.

பெட்ரோல் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது த்ராட்டில், அதாவது காற்று போகிற வழியிலிருக்கிற மூடி, ஏறக்குறைய மூடிக் கிடக்கும். உள்ளே போகிற காற்றே கொஞ்சம். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்று அளந்து கொடுக்கிற கணக்கு. அதற்குள் எரிந்து முடிந்த புகையைத் திறந்து விட்டால் கலவை ஒழுங்காகப் பற்றாது, இன்ஜின் குலுங்கி நின்றுவிடும். டீசலில் கதை வேறு. பழைய டீசல்களில் காற்றைத் தடுக்க ஆளே கிடையாது, சிலிண்டர் நிறையக் காற்று போகும். ஐட்லிங்குக்கு வேண்டிய டீசலோ துளிதான். ஒரு கிராம் டீசலுக்கு 60, 70 கிராம் காற்றுகூட இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் புகை பிடித்துக்கொண்டாலும் மிச்சக் காற்று தாராளம். சத்தம் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். பல டீசல் வண்டிகளில் இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் கம்ப்யூட்டரே ஈஜிஆரைத் திறந்து வைத்திருக்கும்.

அதனால் உங்கள் இன்ஜின் நிற்காததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வால்வு வாக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சுகிற இழுப்பில், வேலை செய்வதா, கரண்டிலா? போட்டோ போடுங்கள். அதுவரை பணம் கட்ட வேண்டாம்.

ஏப்ரல் 20, காலை

போட்டோ பார்த்தேன். வாக்குவம் வகை. தலையில் தகர டப்பா, அதில் ஒற்றை ஓஸ், கீழே கம்பி தெரிகிற ஜன்னல். சோதிக்க இதைவிட லேசான வால்வு கிடையாது.

முதலில் அது எந்த நிலையில் கெடுகிறது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மூடியே கிடந்தால் புகை வராது, ஸ்கேனரில் பி 0401 என்று 'ஓட்டம் போதவில்லை' கோளாறு எண் வரும், வண்டி நன்றாகவே இழுக்கும். திறந்தபடி மாட்டிக்கொண்டாலோ, முழுசாக மூடாமல் கசிந்தாலோதான் கறுப்புப் புகையும் பிக்கப் குறைவும். மிதிக்கும்போது டீசல் கூடுகிறது, அதற்கேற்ற காற்று போகிற இடத்தில் புகை உட்கார்ந்திருக்கிறது, எரியாத கார்பன் பின்னால் வருகிறது. உங்களுடையது இரண்டாவது ரகம். அல்லது ஈஜிஆருக்குச் சம்பந்தமே இல்லாத வேறு காற்றுப் பஞ்சம். ஏர் பில்ட்டர் எப்போது மாற்றினது? சிரிக்காதீர்கள், கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்பேனர் எடுக்காமல் செய்கிற சோதனை இது: வால்வின் தலையிலிருந்து ஓஸைப் பிடுங்குங்கள். ஓஸின் வாயை ஒரு ஸ்க்ரூ செருகி அடைத்துவிடுங்கள். இப்போது வால்வைத் திறக்க யாரும் இல்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூடித்தான் வைக்க வேண்டும். அதே ஒத்தக்கடை ரோட்டில் அதே மாதிரி மிதித்து ஓட்டிப் பாருங்கள். புகை நின்றால் வால்வு நல்லபடியாக மூடுகிறது, அதைத் தப்பான நேரத்தில் திறந்து வைக்கிற வாக்குவம் பக்கம்தான் கோளாறு. புகை நிற்காவிட்டால் இரண்டு வாய்ப்பு: கார்பனில் வால்வு ஜாம், அல்லது புகைக்குக் காரணம் வேறு. மீட்டரில் இன்ஜின் லைட் எரியலாம், பயப்பட வேண்டாம்.

ஏப்ரல் 20, மதியம்

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் பழைய ஏழு சீட்டர். அதே புகை, அதே "வால்வு போச்சு". விலைகூட விசாரித்துவிட்டேன். கழற்றிப் பார்த்தால் வால்வு கண்ணாடி மாதிரி. கோளாறு மாடுலேட்டரில் இருந்தது.

மாடுலேட்டர் என்றால் வாக்குவம் பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிற சின்ன சோலனாய்டு, கரண்டில் திறந்து மூடுகிற குட்டி வால்வு. கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு வாக்குவத்தை விடும், வேண்டாம் என்றால் வெளிக்காற்றை உள்ளே விட்டு வாக்குவத்தைக் கொல்லும். அந்த வெளிக்காற்று வருகிற வாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி, மூடிக்குள் ஸ்பான்ஜ். என்னுடையதைத் திறந்தபோது ஸ்பான்ஜ் இருந்த இடத்தில் செம்மண்ணும் எண்ணெயும் கலந்த ஒரு வில்லைதான் இருந்தது. காற்று வர வழியில்லை. கம்ப்யூட்டர் 'மூடு' என்று சொன்ன பிறகும் ஓஸுக்குள் வாக்குவம் சிக்கிக்கொண்டு வால்வைத் தூக்கியே வைத்திருந்தது. நம் ஊர்க் குவாரி லாரிகளுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் ஓடினால் எந்த ஸ்பான்ஜும் இப்படித்தான் ஆகும். எல்லா மாடுலேட்டரிலும் மூடி கழலாது. சிலவற்றில் காற்று வாயிலிருந்து ஒரு ஓஸ் ஏர் பில்ட்டர் டப்பாவுக்குப் போகும், அதையும் பாருங்கள்.

ஏப்ரல் 20, இரவு

வால்வின் தகர டப்பாவுக்குள் இருக்கிற ரப்பர் சவ்வு, அதுதான் டயபிரம், ஓட்டையா என்று சோதிக்கக் கைப்பம்பு எங்கே கிடைக்கும் என்று திருமங்கலம்காரர் கேட்கிறார். மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள், ஊசி வேண்டாம். மீன்தொட்டிக் குழாயை ஒரு முழம் வெட்டி சிரிஞ்ச் மூக்கில் ஒரு முனை, வால்வுத் தலையில் மறுமுனை. இன்ஜின் நிறுத்தி, ஆறிய பிறகு பிஸ்டனை இழுங்கள். ஜன்னல் வழியாகக் கம்பி மேலே ஏறுவது தெரியும். ஒரே இழுப்பில் ஏறாவிட்டால் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு சிரிஞ்சைக் காலி செய்து இன்னொரு தரம் இழுக்கலாம். ஏறியதும் குழாயை விரலால் மடித்து ஒரு நிமிஷம் விடுங்கள். கம்பி அங்கேயே நிற்க வேண்டும். தானாக இறங்கினால் டயபிரம் ஓட்டை. மடிப்பை விட்டதும் 'டக்' என்று உட்கார வேண்டும். மெதுவாக, அரைமனதோடு இறங்கினால் கம்பியில் கார்பன் ஏறியிருக்கிறது.

ஏறவே இல்லையென்றால் கட்டிங் பிளேயரால் கம்பியைப் பிடித்து இழுக்கிற ஆசை வரும். வேண்டாம். வளைந்தால் முடிந்தது.

ஏப்ரல் 21

"அண்ணே, பழைய அமெரிக்க வண்டி வால்வு ஒன்று சிரிஞ்சில் நிற்கவே இல்லை, ஆனால் நல்ல வால்வு என்கிறார்களே" என்று கேட்டவருக்கு: உண்டு. எக்சாஸ்ட் அழுத்தம் வந்தால்தான் வாக்குவத்தைப் பிடித்து வைக்கிற ரகம் இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது அது ஒழுகுவதுதான் ஒழுங்கு. மதுரையில் அப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறவர் என்னிடம் கேட்க மாட்டார்.

ஏப்ரல் 23

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: அந்தக்கால அம்பாசிடரில் இல்லாத பார்ட், கம்பெனிக்காரன் காசு பார்க்க வைத்தது, அடைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள் என்று.

காசு பார்க்க வைத்தது இல்லை. சிலிண்டருக்குள் சூடு ரொம்ப ஏறினால் காற்றிலிருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகும். எரிந்த புகையைக் கொஞ்சம் திருப்பி உள்ளே விட்டால் ஆக்சிஜன் குறைகிறது, எரியும் சூடு இறங்குகிறது. அமெரிக்கக் கார்களில் 1973 மாடல்களிலிருந்தே பரவலாக வந்துவிட்டது. நமக்கு பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) புகை விதிகளோடு வந்தது. பெருநகரங்களில் 2005-லேயே பிஎஸ்-3. மதுரைக்கு அது வந்தது 2010-ல்.

அடைத்தால் புகைச் சான்றிதழ் சோதனையில் மாட்டுவோமா என்று உடனே நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். மாட்ட மாட்டீர்கள். டீசலுக்கு அங்கே ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டுப் புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறார்கள். பழைய வண்டிக்கு 2.45, பிஎஸ்-4 வண்டிக்கு 1.62 என்ற அளவுக்குள் இருந்தால் சீட்டு. நைட்ரஜன் ஆக்சைடை யாரும் அளப்பதில்லை. ஈஜிஆரை அடைத்த வண்டியில் கறுப்புப் புகை குறையும், அதனால் இன்னும் ஜோராக பாஸ் ஆகும். ஒர்க் ஷாப்காரர்கள் தைரியமாகத் தகடு வைப்பது இதனால்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரித்த விதத்தை மாற்றாதே என்கிறது. அது வேறு. யார் பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்பதும் காதில் விழுகிறது.

என் கட்சி: சோதனைக்குத் தகடு வைக்கலாம், குடியிருக்க வைக்கக் கூடாது. காளவாசல் சிக்னலில் பைக்கில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு நிற்கிறவன் மூக்குக்கு நேராகத்தான் நம் சைலன்சர் இருக்கிறது.

ஏப்ரல் 23, கொஞ்ச நேரம் கழித்து

பெட்ரோலில் அடைத்தால் இன்னொரு தொல்லை உண்டு. ஈஜிஆர் வேலை செய்யும் என்று நம்பித்தான் தீப்பொறி நேரத்தை முன்தள்ளி வைத்திருப்பார்கள். புகை வராவிட்டால் ஏற்றத்தில் இன்ஜின் 'டிக்டிக்' என்று தட்டும். சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினால் நன்றாகக் கேட்கும்.

ஏப்ரல் 26

கொடைக்கானல் ஏறும்போது மட்டும் புகை வருகிறது, ஈஜிஆரா என்று ஒரு கேள்வி. அவசரப்பட வேண்டாம். ஏரி இருக்கிற இடம் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி வத்தலக்குண்டில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே பழைய டீசல் கொஞ்சம் புகைவது இயல்பு. சமவெளியில், இன்ஜின் சூடான பிறகு, மூன்றாவது கியரில் முழு மிதி. புகைச் சோதனை என்றால் இதுதான்.

ஏப்ரல் 27

ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிற இரண்டு பேர், எங்களுக்கு ஓஸே இல்லையே என்கிறார்கள். 1.3 லிட்டர் மல்டிஜெட்டில் கரண்டில் வேலை செய்யும் வால்வு. சிரிஞ்சுக்கு அங்கே வேலை கிடையாது, மல்டிமீட்டர் வேண்டும்.

அந்த மாதிரி வால்வுகளில் காயில் ஒன்று, எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்கிற சென்சார் ஒன்று. சாவி போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாமல் சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். மூடிய நிலையில் சிக்னல் கம்பியில் பொதுவாக ஒரு வோல்ட்டை ஒட்டி இருக்கும், திறக்கத் திறக்க ஏறும். ஏற்றம் சீராக இருக்க வேண்டும், நடுவில் குதித்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது. காயிலின் ஓம் அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். யாரோ சொன்ன எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கிற ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் டப்பாவைச் செருகி வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: காற்று அளவைப் பாருங்கள். கணக்கு லேசு. 1,248 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அத்தனை காற்றையும் இழுக்கும். 850 ஆர்பிஎம் என்றால் நிமிஷத்துக்கு 425 தடவை, ஏறக்குறைய 530 லிட்டர். மதுரை வெயிலில் ஒரு லிட்டர் காற்று 1.15 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. சிலிண்டர் முழுசாக நிறையாது, 85 சதவீதம் வையுங்கள். வினாடிக்கு எட்டரை கிராம் சுமார் வரும். இது ஈஜிஆர் மூடியிருந்தால். திறந்தால் புகை இடம் பிடித்துக்கொள்ளும், காற்று அளவு பளிச்சென்று இறங்கும். சூடான இன்ஜினில் ஒரு தரம் ரேஸ் பண்ணி ஐட்லிங்குக்கு விட்டு எண்ணைக் கவனியுங்கள். முதலில் உயரத்தில் நின்று, சில வினாடியில் இறங்கினால் வால்வு திறக்கிறது, மூடுகிறது, வழியும் அடைக்கவில்லை. ஏறாமல் எப்போதும் கீழேயே கிடந்தால் திறந்தபடி ஜாம், அல்லது காற்றை அளக்கிற சென்சார் அழுக்கு. எப்போதும் மேலேயே நின்றால் திறக்கவில்லை, அல்லது ஏற்கெனவே யாரோ தகடு வைத்துவிட்டார்கள். செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டிகளில் இந்தக் கடைசி ரகம் நிறைய.

ஏப்ரல் 29

மேலூர்த் தம்பி ஓஸைப் பிடுங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார். புகை அப்படியே. சிரிஞ்ச் சோதனையில் டயபிரம் நன்றாகவே நிற்கிறது, ஆனால் கம்பி இறங்கும்போது இழுத்துக்கொண்டு இறங்குகிறதாம்.

சரி, இப்போது தகடு. வால்வுக்கும் எக்சாஸ்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு வெட்டி, போல்ட் ஓட்டை போட்டு நடுவில் வையுங்கள். கூல்டிரிங்க்ஸ் டின் தகடு வேண்டாம், அது அலுமினியம், ஏற்றத்தில் ஓட்டை விழுந்து நம்மை ஏமாற்றும். போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வையுங்கள், தலை முறிந்தால் செலவு வால்வு விலையைத் தாண்டும். இன்ஜின் முழுசாக ஆறட்டும். என் கையில் இருக்கும் வடு வேறு எதனாலும் வந்ததில்லை.

மே 2

முடிவு வந்திருக்கிறது, குழப்பமான முடிவு. தகடு வைத்தபின் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வந்த புகை நின்றுவிட்டது. லாரியை முந்தும்போது வருகிற புகை பாதிதான் குறைந்தது.

ஆக இரண்டு கோளாறு. ஒர்க் ஷாப்காரர் பாதி சரி. மிச்சப் பாதிக்கு, காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவிலிருந்து அந்தக் காற்றை ஆற வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஓஸைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியாது, அடிப்பக்கம் கையை விட்டுத் தடவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாக இருக்கிற இடத்தில் வெடிப்பு இருக்கும். நிற்கும்போது மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறினால் வாயைத் திறக்கும்.

மே 4

தம்பி போட்ட போட்டோவில் கிளிப்புக்கு ஒட்டினாற்போல இரண்டு அங்குல வெடிப்பு. நன்றாகவே தெரிகிறது.

வால்வைக் கழற்றியாயிற்று அல்லவா, அப்படியே அதன் சீட்டையும், அதாவது வால்வு மூடி உட்காருகிற இடத்தையும், பார்த்துவிடுங்கள். வால்வை மூடிய நிலையில், புகை வருகிற வாய் மேலே இருக்கும்படி பிடித்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். பழைய வால்வில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மடமடவென்று ஓடினால் சீட்டில் கார்பன் உட்கார்ந்திருக்கிறது. புதிது வாங்குமுன் சுத்தம் பண்ணிப் பார்க்க வேண்டியது கடமை. மரக்குச்சி, பித்தளை பிரஷ், கார்பரேட்டர் கிளீனர். கிளீனர் இரும்புப் பக்கத்துக்கு மட்டும். டயபிரம் ரப்பர் அதில் ஊறினால் உப்பிவிடும், அதனால் தலை மேலே, வாய் கீழே இருக்கும்படி பிடித்துத் தெளியுங்கள். சுரண்டி எடுத்தது கொட்டாங்கச்சி நிறைய வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்ஜினை ஓடவிட்டு இன்டேக்கில் கிளீனரைத் தெளிக்கிற வித்தை ஒன்று வீடியோக்களில் ஓடுகிறது. டீசலில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே போகிற எதுவும் அதற்குத் தீனிதான், ஆர்பிஎம் தறிகெட்டு ஏறினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

மே 5

வால்வில் ஏன் இவ்வளவு பிசுபிசுப்பு என்கிறார் மேலூர்த் தம்பி. வெறும் கரி என்றால் பொடியாக உதிரும். இன்ஜினுக்குள்ளிருந்து பிரீதர் வழியாக வருகிற எண்ணெய் ஆவி இன்டேக்கில் கலக்கிறது, கரி அதில் ஒட்டித் தார் ஆகிறது. பிரீதர் ஓஸில் எண்ணெய் நின்றால் வால்வை எத்தனை தரம் கழுவினாலும் திரும்ப வரும். அந்தக்கால டீசலும் ஒரு காரணம்: பிஎஸ்-3 டீசலில் கந்தகம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருக்கலாம், இப்போது 10. பழைய வண்டிகளின் உள்ளே இருக்கிற அழுக்கில் பாதி அந்தக் காலத்துச் சொத்து.

மே 11

நாளை அழகர் ஆற்றில் இறங்குகிறார். கோரிப்பாளையம் பக்கம் கார் எடுப்பவர்கள் ஈஜிஆரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கிளட்சைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

மே 14

ஒருவருக்கு வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, கீழே எங்கும் ஒழுகல் இல்லை. அது வால்வு இல்லை ஐயா. திரும்பி வருகிற புகையைத் தண்ணீரால் ஆற வைக்கிற ஈஜிஆர் கூலர் உள்ள வண்டி என்றால் அந்தக் கூலருக்குள் ஓட்டையா, ஹெட் கேஸ்கெட்டா என்று கூலிங் சிஸ்டத்தை அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள், தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் இன்ஜினே போகும்.

மே 17

மேலூர்த் தம்பி வண்டி: இன்டர்கூலர் ஓஸ் புதிது, வால்வு கழுவி மாட்டியாயிற்று, கேஸ்கெட் புதிது, தகடு வெளியே. புகை இல்லை என்கிறார். புது வால்வு வாங்கவில்லை. பழைய கேஸ்கெட்டையே மாட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேஸ்கெட் கசிந்தால் 'புஸ்புஸ்' என்று சத்தம் வரும், பானெட்டுக்குள் கரி அப்பும், ஏசி போட்டால் புகை நாற்றம் உள்ளே வரும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாக்குவம் ஓஸையும் மாற்றுகிறேன் என்கிறவர்களுக்கு ஒன்று. கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். 'வாக்குவம் ஓஸ்' என்று கேட்டு வாங்குங்கள், சுவர் தடிமனாக இருக்கும். கண்ணாடி கழுவுகிற தண்ணீர் ஓஸைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இன்ஜின் சூட்டில் இளகி, வாக்குவம் வந்ததும் சப்பி ஒட்டிக்கொள்ளும். வாங்கியதும் ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.